அயல் புரதத்துக்கு வாசல் எது?

உயிர்த்தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களுக்கும், அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



அயல் மரபணு ஒன்றை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறோம். ஐபிடிஜி சேர்த்துத் தூண்டி, செல்களை உடைத்து, ஜெல்லில் ஓட்டுகிறோம். எதிர்பார்த்த இடத்தில் தடித்த பட்டை ஒன்று விழுந்துவிட்டால் செய்முறை வெற்றி என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம். அந்தப் பட்டைக்குப் புரதம் உண்டாகியிருக்கிறது என்பதற்கு மேல் பொருள் கிடையாது. அது வேலை செய்யும் புரதமா என்பதை ஜெல் சொல்லாது. எஸ்டிஎஸ் இட்டுக் கொதிக்க வைத்து, மடிப்பையெல்லாம் குலைத்த பிறகுதானே அதில் ஏற்றுகிறோம்! மரபணு, வெக்டர், புரோமோட்டர், வெப்பநிலை, தூண்டும் நேரம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிடுகிறவர்கள்கூட, உண்டாகும் புரதம் செல்லின் எந்த இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். அதை முதல் கேள்வியாக வையுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். பாக்டீரியா தன் புரதங்களைச் சவ்வு தாண்டி அனுப்பும் முறையை நுண்ணுயிரியல் தாளில் படிக்கிறோம்; அயல் புரத உற்பத்தியை வேறொரு தாளில் படிக்கிறோம். முன்னது புரியாமல் பின்னதை ஒழுங்காகச் செய்ய முடியாது என்பது என் வாதம்.

ஈ.கோலைக்கு இரண்டு சவ்வுகள். உள்சவ்வுக்குள் இருப்பது சைட்டோபிளாசம். இரு சவ்வுகளுக்கும் நடுவிலுள்ள குறுகலான வெளி பெரிபிளாசம். புரதங்கள் எல்லாம் சைட்டோபிளாசத்தில்தான் பிறக்கின்றன, ஆனால் அவற்றில் கணிசமான பகுதி அங்கே தங்குவதில்லை. எது தங்க வேண்டும், எது போக வேண்டும் என்பது புரதத்தின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்ற கருத்தை 1970களில் முன்வைத்து, ஆதாரத்தோடு நிறுவியவர் குந்தர் புளோபெல். அதற்காக 1999இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். அவர் ஆராய்ந்தது விலங்குச் செல்களை என்றாலும் பாக்டீரியாவிலும் விதி அதுவேதான். சிக்னல் பெப்டைடு எனப்படும் அந்தத் தொடக்கப் பகுதி பெரும்பாலும் இருபது முப்பது அமினோ அமிலங்கள் நீளமிருக்கும். முன்னால் நேர்மின்னூட்டமுள்ள ஓரிரு அமினோ அமிலங்கள், நடுவில் நீரை விலக்கும் ஒரு பகுதி, இறுதியில் வெட்டுமிடம். இதைச் சுமந்து வரும் புரதம் செக் என்ற பொதுவழியில் போகிறது. செக்-பி என்ற துணைப்புரதம் அதை மடிய விடாமல் பிடித்துக்கொள்கிறது. செக்-ஏ, ஏடிபியைச் செலவழித்து அதைச் சவ்விலுள்ள துளைக்குள் தள்ளுகிறது. மறுபுறம் எட்டிப் பார்த்ததும் சிக்னல் பெப்டிடேஸ் அந்தத் தலைப்பகுதியைக் கத்தரித்துவிடுகிறது. ஊசிக்காதில் நுழையும் நூலைப் போல, மடியாத நிலையில் மட்டுமே புரதம் இந்தத் துளையைக் கடக்க முடியும். முடிச்சு விழுந்துவிட்டால் நுழையாது. மடிந்து முடிந்த புரதங்களுக்கென்று டாட் என்ற இன்னொரு வழி இருக்கிறது. அதன் சிக்னலில் இரண்டு ஆர்ஜினின்கள் அடுத்தடுத்து நிற்கும். அதற்கு ஏடிபி வேண்டியதில்லை, சவ்வின் குறுக்கே உள்ள புரோட்டான் விசையே போதும்.

இதெல்லாம் உங்கள் செய்முறைக்குத் தூரமான சங்கதி என்று தோன்றலாம். நீங்கள் ஆம்பிசிலின் தட்டில் காலனிகளைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு முறையும் சுரப்பின் தயவில்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். பிளாஸ்மிடில் இருக்கும் எதிர்ப்பு மரபணு தருவது பீட்டா-லாக்டமேஸ். அது சிக்னல் பெப்டைடோடு பிறந்து, பெரிபிளாசத்துக்குப் போய், மருந்து செல்சுவரைத் தாக்குமுன் அதைச் சிதைக்கிறது. தட்டை அதிக நேரம் வைத்துவிட்டால் பெரிய காலனியைச் சுற்றிச் சின்னச் சின்ன சாட்டிலைட் காலனிகள் முளைக்குமே, அதுவும் இந்த நொதி செல்லைவிட்டு வெளியே கசிந்து சுற்றுவட்டார ஆம்பிசிலினைத் தின்றுவிடுவதால்தான்.

வரலாற்றைப் பாருங்கள். 1977இல் சோமட்டோஸ்டாட்டின் என்ற 14 அமினோ அமில ஹார்மோனை ஈ.கோலையில் உண்டாக்க கலிபோர்னியாவில் முயன்றார்கள். ஏறக்குறைய தனியாக விட்டபோது ஒன்றும் கிடைக்கவில்லை, செல்லின் புரோட்டியேஸ்கள் அதை விட்டுவைக்கவில்லை. பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற பெரிய புரதத்தின் வாலில் ஒட்டிவைத்து, பிறகு வேதிமுறையில் வெட்டியெடுத்தபோதுதான் கைக்கு வந்தது. அதற்கடுத்த ஆண்டே ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட் குழுவில் லிடியா வில்லா-கொமரோஃப் வேறொரு பாதையில் போனார். எலியின் புரோஇன்சுலின் மரபணுவை பீட்டா-லாக்டமேஸ் மரபணுவின் நடுவில் சேர்த்தார். அந்த நொதியின் சிக்னல், புரோஇன்சுலினையும் பெரிபிளாசத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1980இல் அதே குழு இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டியது: எலி இன்சுலினுக்கு இயல்பாகவே உள்ள சிக்னலையே பாக்டீரியா புரிந்துகொண்டு, புரதத்தை வெளியே அனுப்பி, சரியான இடத்தில் வெட்டவும் செய்தது. பாலூட்டியின் முகவரியை பாக்டீரியா படித்துவிட்டது! என் வாதத்துக்கு இவற்றையெல்லாம்விட வலுவான சான்று 1982இல் வந்தது. சைட்டோபிளாசத்தில் தங்கிய புரோஇன்சுலினின் அரை ஆயுள் 2 நிமிடம். பெரிபிளாசத்துக்குப் போனதற்கு 20 நிமிடம். மரபணு அதே, செல் அதே. இடம் மாறியதில் பத்து மடங்கு வேறுபாடு. அயல் புரத உற்பத்தி பிறந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள்ளேயே கிடைத்துவிட்ட இந்த அறிவு, நம் பாடநூல்களில் 1977க்கும் 1982இல் ஒப்புதல் பெற்ற ஹியூமுலின் என்ற இன்சுலினுக்கும் நடுவில் எங்கோ தொலைந்துபோயிருக்கிறது.

மனித வளர்ச்சி ஹார்மோனின் கதையும் இதையே சொல்கிறது. இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோன் வழியாக கிரட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்ற கொடிய மூளை நோய் பரவியது தெரியவந்து, 1985இல் அமெரிக்காவில் அதன் வழங்கல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் ஜெனன்டெக் நிறுவனத்தின் புரோட்ரோபின் ஒப்புதல் பெற்றது. இது ஈ.கோலையின் சைட்டோபிளாசத்தில் விளைந்தது, அதனால் ஒரு சிக்கல். எந்தப் புரதமும் மெத்தியோனினில் தொடங்கித்தான் பிறக்கும். அடுத்து நிற்கும் அமினோ அமிலம் சிறியதாக இருந்தால் பாக்டீரியா அந்த மெத்தியோனினை நறுக்கிவிடும். வளர்ச்சி ஹார்மோனில் அடுத்து நிற்பதோ பருமனான ஃபீனைல்அலனின். ஆகவே மெத்தியோனின் ஒட்டிக்கொண்டே இருந்தது. இயற்கை ஹார்மோனுக்கு 191 அமினோ அமிலங்கள், மருந்துக்கு 192. இதே நிறுவனம் 1993இல் கொண்டுவந்த நியூட்ரோபினில் அந்தக் கூடுதல் ஒன்று இல்லை. ஈ.கோலை புரதம் ஒன்றின் சிக்னலை ஹார்மோனுக்கு முன்னால் வைத்தார்கள். சிக்னல் பெப்டிடேஸ் தலைப்பகுதியை மெத்தியோனினோடு சேர்த்து வெட்டியெறிய, ஃபீனைல்அலனினில் தொடங்கும் இயல்பான ஹார்மோன் பெரிபிளாசத்தில் சரியாக மடிந்து கிடைத்தது. நொதி கொண்டு வெளியே வெட்டியெடுக்கும் வழியும் இருந்தது, போட்டி நிறுவனங்கள் அதைச் செய்தன. ஆனால் செல்லே செய்யக்கூடிய வேலைக்குத் தனியாக ஒரு நொதியும் தனியாக ஒரு சுத்திகரிப்பும் எதற்கு?

மடிப்பு என்று சொன்னேன், அதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. மருந்தாகப் பயன்படும் மனிதப் புரதங்கள் பல, சிஸ்டீன்களுக்கிடையேயான டைசல்ஃபைடு பிணைப்புகளால் உருவம் பெறுகின்றன. ஈ.கோலையின் சைட்டோபிளாசம் ஒடுக்கும் தன்மையுள்ளது. தயோரெடாக்சினும் குளூட்டாதயோனும் அந்தப் பிணைப்புகளை நிலைக்க விடுவதில்லை. பெரிபிளாசத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே இந்தப் பிணைப்புகளை உண்டாக்குவதற்கென்றே டிஎஸ்பி-ஏ என்ற நொதி இருப்பதை 1991இல் ஜான் பெக்வித்தின் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. தவறாக விழுந்த பிணைப்பைத் திருத்தும் டிஎஸ்பி-சி பின்னால் தெரியவந்தது. நொதிகளின் பெயர் தெரிவதற்கு முன்பே பலன் தெரிந்துவிட்டது: 1988இல் இரண்டு குழுக்கள் எதிர்ப்பொருளின் துண்டுகளைப் பெரிபிளாசத்துக்கு அனுப்பி, ஆன்டிஜெனைப் பற்றிக்கொள்ளும் நிலையிலேயே பெற்றன. அந்தப் பாதையில் வளர்ந்ததுதான் விழித்திரை நோய்க்குக் கண்ணில் ஊசியாகப் போடப்படும் ரானிபிசுமாப். 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இந்த எதிர்ப்பொருள் துண்டு ஈ.கோலையில் செய்யப்படுவது. 2015இல் இந்தியாவின் இன்டாஸ் நிறுவனம் அதன் பயோசிமிலரைக் கொண்டுவந்தது. நிமோனியாவுக்கு எதிராக சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் நியூமோசில் தடுப்பூசியில் சர்க்கரைத் தொடர்களைத் தாங்கி நிற்கும் சிஆர்எம்197 என்ற புரதம், இயல்பில் டிப்தீரியா பாக்டீரியா சுரக்கும் நச்சின் முடக்கப்பட்ட வடிவம். அதை இப்போது சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸின் பெரிபிளாசத்தில் விளைவிக்கிறார்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படும் ஆஸ்பராஜினேஸ் ஈ.கோலையின் சொந்தப் புரதம். அதன் இயல்பான வசிப்பிடமும் பெரிபிளாசமே.

செல்லைவிட்டு முழுவதுமாக வெளியே, வளர்ப்பு ஊடகத்துக்கே அனுப்ப வேண்டுமென்றால் பேசில்லஸ் இனங்களைப் பாருங்கள். இவற்றுக்கு வெளிச்சவ்வு கிடையாது, ஆகவே எண்டோடாக்சின் தொல்லையும் கிடையாது. ஒரு சவ்வைத் தாண்டினால் ஊடகம். சலவைத்தூளில் கலக்கும் புரோட்டியேஸ், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் போன்ற தம் சொந்த நொதிகளை லிட்டருக்கு இருபது கிராமுக்கு மேலும் இவை கொட்டித் தரும். அயல் புரதம் என்றால் மட்டும் கை சுருங்கிவிடுகிறது: தாம் சுரக்கும் புரோட்டியேஸ்களாலேயே விருந்தாளியைக் கடித்துத் தின்றுவிடும். அதற்காக ஆறு, எட்டு புரோட்டியேஸ் மரபணுக்களை நீக்கிய வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஈ.கோலையிலும் இரு சவ்வுகளையும் ஒரே மூச்சில் கடக்கும் வழிகள் உண்டு. ஹீமோலைசினைச் சுரக்கும் முதல் வகைக் கருவியில் சிக்னல் தொடக்கத்தில் இருக்காது, வாலில் இருக்கும். மனிதச் செல்லுக்குள் நச்சுப் புரதம் செலுத்த சால்மொனெல்லா வைத்திருக்கும் மூன்றாம் வகை ஊசிக்கருவி வழியாக 2009இல் சிலந்திப் பட்டுப் புரதத்தையே வெளியேற்றிக் காட்டினார்கள். இவை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடச் சாதனைகள், தொழிற்சாலைக்கு வர நாளாகும்.

இனி உங்களில் விஷயம் தெரிந்தவர்கள் எழுப்பக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, விளைச்சல். சைட்டோபிளாசத்தில் விட்டால் செல்லின் மொத்தப் புரதத்தில் பெரும்பங்கை அயல் புரதமே பிடித்துக்கொள்ளும். இன்க்ளூஷன் பாடியாகத் திரண்டுவிட்டாலும் என்ன, புரோட்டியேஸுக்குச் சிக்காமல் கெட்டியாகக் கிடக்கும், சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் தனியே வந்துவிடும், கரைத்து மீண்டும் மடித்துக்கொள்ளலாம் என்பார்கள். இது வெறும் சாக்கு என்று ஒதுக்க முடியாத மறுப்பு. ஹியூமுலின் இப்படித்தான் வந்தது. பாலாடைக்கட்டி செய்வதற்கு 1990இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட முதல் மறுசேர்க்கை கைமோசினும் ஈ.கோலையின் இன்க்ளூஷன் பாடியிலிருந்துதான். அவை சின்னப் புரதமாகவோ, மீண்டும் மடிக்க இணங்கும் புரதமாகவோ இருந்தன. அந்த நிறுவனங்களிடம் மீள்மடிப்பின் நிபந்தனைகளை ஆண்டுக்கணக்கில் தேடப் பணமும் ஆளும் இருந்தன. யூரியாவிலோ குவானிடீனிலோ கரைத்து, நீர்த்த கரைசலில் மெதுவாக மடியவிடும்போது பெரிய கொள்கலன்கள் வேண்டும், ஒரு பகுதி மறுபடி திரண்டு வீணாகும். ஜெல்லில் தெரியும் விளைச்சலையும் கடைசியில் குப்பியில் சேரும் செயல்படும் புரதத்தையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தியபின் இன்க்ளூஷன் பாடியே மேல் என்று வந்தால் தாராளமாக அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்துப் பார்க்காமலே எடுத்துக்கொள்வதைத்தான் குறை சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: சிக்னலை ஒட்டவைத்தால் மட்டும் எல்லாப் புரதமும் வெளியே போய்விடுமா? போகாது. 1970களின் இறுதியில் பெக்வித், சில்ஹேவி, பாஸ்ஃபோர்டு ஆகியோர் பெரிபிளாசத்துக்குப் போகும் மால்டோஸ்-பிணைப்புப் புரதத்தின் முன்பகுதியை பீட்டா-கேலக்டோசிடேஸுடன் இணைத்தார்கள். மால்டோஸ் கொடுத்து அந்தக் கலப்புப் புரதத்தை அதிகம் உண்டாக்கியதும் செல்கள் செத்தன. பீட்டா-கேலக்டோசிடேஸ் சவ்வைக் கடக்க முடியாமல் வழியிலேயே சிக்கி, மற்றப் புரதங்களின் போக்குவரத்தையும் அடைத்துவிட்டது. பச்சை ஒளிர்புரதத்தை செக் வழியே அனுப்பினால் பெரிபிளாசத்தில் ஒளிராது, அதையே டாட் வழியே அனுப்பினால் ஒளிரும் என்பதும் பின்னால் தெரிந்தது. சிக்னலைத் தேர்வதிலும் சூத்திரம் இல்லை. 2006இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பேசில்லஸ் சப்டிலிஸின் 173 சிக்னல்களையும் ஒரு பூஞ்சைக் கியூட்டினேஸுக்கு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். கியூட்டினேஸுக்குச் சிறப்பாக அமைந்தது வேறொரு நொதிக்கு அமையவில்லை. கணினி நிரல் தந்த மதிப்பெண்ணுக்கும் உண்மையான சுரப்புக்கும் தொடர்பே இல்லை. இவையெல்லாம் சுரப்பைக் கைவிடச் சொல்லும் சான்றுகளாக எனக்குப் படவில்லை. சிக்கியது ஏன் என்று கேட்டால் விடை இருக்கிறது: வேகமாக மடியும் புரதம் செக்குக்கு ஒத்துவராது, டாட் வழியை முயலலாம், துளைக்குத் தாங்காத அளவில் உற்பத்தி செய்தால் அடைத்துக்கொள்ளும், தூண்டலைக் குறைக்கலாம், வெப்பநிலையை இறக்கலாம். புரோமோட்டர் வலுவாக இருந்தால் நல்லது என்ற பொதுநம்பிக்கை இங்கே கவிழ்ந்துவிடுகிறது. சிக்னலைப் பொறுத்தவரை ஒன்றுக்குப் பத்தை முயன்றுதான் ஆக வேண்டும். பிசிஆரும் குளோனிங்கும் முன்னைவிட மலிந்துவிட்ட காலத்தில் அது பெரிய தண்டனை அல்ல.

மூன்றாவதாக, பாக்டீரியாவோடு எதற்கு இத்தனை மல்லுக்கட்டு, ஈஸ்ட்டும் சைனீஸ் ஹாம்ஸ்டர் செல்லும் இருக்கின்றனவே என்பார்கள். நியாயம்தான். நோவோ நார்டிஸ்க் ரொட்டி ஈஸ்ட்டிலும், பெங்களூரின் பயோகான் பிக்கியா ஈஸ்ட்டிலும் இன்சுலின் செய்கின்றன; 17 டைசல்ஃபைடு பிணைப்புகள் கொண்ட டிபிஏ என்ற ரத்தக்கட்டி கரைப்பான் 1987 முதல் ஹாம்ஸ்டர் செல்லிலிருந்தே வருகிறது. ஆனால் இவர்கள் ஏன் அந்தச் செல்களை நாடினார்கள் என்று பாருங்கள். அவை புரதத்தைச் சரியாக மடித்து வெளியே சுரந்து தருகின்றன என்பது முக்கியமான காரணம். ஆக, இந்த மறுப்பு என் வாதத்துக்குத் துணைதான் நிற்கிறது. சர்க்கரை இணைப்பு இல்லாமல் வேலை செய்யாத புரதத்துக்கு ஈ.கோலை இன்றைக்கு உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதிலும்கூட, 2002இல் கேம்பைலோபேக்டர் ஜெஜுனியின் சர்க்கரை இணைக்கும் கருவியை ஈ.கோலைக்கு மாற்றிக் காட்டினார்கள். அந்த இணைப்பு நடக்கும் இடமும் பெரிபிளாசம்தான். மற்றப்படி, சர்க்கரை தேவைப்படாத எதிர்ப்பொருள் துண்டுக்கும், ஹார்மோனுக்கும், தொழில்துறை நொதிக்கும் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும், மலிவான ஊடகத்தில் வளரும் உயிரியை விட்டுவிட்டு விலையுயர்ந்த செல் வளர்ப்புக்குப் போவதற்கு வேறு நல்ல காரணம் வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய கருவி எதுவும் கேட்கவில்லை. பல ஆய்வுக்கூடங்களின் உறைபெட்டியில் இருக்கும் பெட்-22பி வெக்டரிலேயே பெல்-பி சிக்னல் இருக்கிறது. ஒரே மரபணுவை வகுப்பின் ஒரு பாதி அந்தச் சிக்னலோடும் மறுபாதி சிக்னல் இல்லாமலும் வெளிப்படுத்தட்டும். பெரிபிளாசப் புரதத்தை எடுக்க, நியூவும் ஹெப்பலும் 1965இல் விவரித்த ஆஸ்மாடிக் ஷாக் முறை போதும்: சுக்ரோஸ், ஈடிடிஏ, பனிக்கட்டிக் குளிர்நீர், ஒரு சென்ட்ரிஃபியூஜ். எந்த மரபணு என்று யோசித்தால், ஈ.கோலையின் அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸைச் சொல்வேன். அது சொந்தப் புரதம்தான், ஆனால் பாடம் கற்பிக்க அதைவிட நல்லது அகப்படாது; டைசல்ஃபைடு பிணைப்பு விழாவிட்டால் வேலை செய்யாது, ஆகவே சிக்னலை நீக்கினால் சைட்டோபிளாசத்தில் செயலற்றுக் கிடக்கும். பாரா-நைட்ரோஃபீனைல் ஃபாஸ்ஃபேட் சேர்த்தால் ஒரு குழாய் மஞ்சளாகும், மற்றது ஏறக்குறைய நிறமின்றி நிற்கும். அடுத்த சுற்றில் எதிர்ப்பொருள் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

மாணவர்களே, அடுத்த முறை பதிவேட்டில் மரபணுவின் பெயரையும் வெக்டரின் பெயரையும் எழுதும்போது, புரதம் சேர வேண்டிய இடம் எது, ஏன் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ஜெல் படத்துக்குக் கீழே செயல்திறன் அளவீடு ஒன்றும் இருக்கட்டும். அந்த இரண்டும் இல்லாத பதிவேட்டில் ஆசிரியர்கள் கையெழுத்திட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் துறைமீது அக்கறை கொண்ட ஒருவர்